வீட்டிலேயே டப்பிங் கலப்பது எப்படி? ஃப்ளை கட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டப்பிங் என்றதும் நம்மில் பலருக்குச் சினிமாவில் குரல் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது ஃப்ளை கட்டுபவர்கள், அதாவது மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் போலிப் பூச்சி கட்டுபவர்கள், புழங்கும் டப்பிங். மெழுகு தடவிய நூலில் முயல் முடியோ ஆட்டு முடியோ செயற்கை இழையோ ஒரு சிட்டிகை எடுத்து, விளக்குத் திரி திரிப்பது போல விரலால் திரித்து, தூண்டில் முள்ளின் தண்டில் சுற்றினால் பூச்சியின் உடம்பு வந்துவிடும். அந்தச் சிட்டிகை முடிக்குத்தான் டப்பிங் என்று பெயர். கடையில் எல்லா நிறத்திலும் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. அப்புறம் ஏன் வீட்டில் உட்கார்ந்து கலக்க வேண்டும்?

எனக்கு அதன் பதில் ஒரு ஏப்ரல் காலையில் கிடைத்தது. நான் இருப்பது இங்கிலாந்தின் டெர்பிஷரில். பேக்வெல்லுக்கு மேலே வை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் ஒட்டியிருந்த ஆலிவ் நிம்ஃப் (மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பருவம்) ஒன்றை வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியில் தண்ணீரோடு அள்ளி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குப் பழுப்புப் பச்சையாகத் தெரிந்த பூச்சி, லென்ஸில் வேறாக இருந்தது. முதுகு கரும்பழுப்பு. வயிறு மஞ்சள் ஓடிய வெளிர்பச்சை. கணுவும் கணுவும் சேரும் இடத்தில் தேன் நிறம். ஓரங்களில் கண்ணாடித் துணுக்கு போலச் செவுள்கள். பெட்டியிலிருந்து, 'ஆலிவ்' என்று எழுதிய பாக்கெட் டப்பிங்கில் நானே கட்டிய நிம்ஃபை எடுத்து அதே கரண்டியில் போட்டேன். நனைந்ததும் அது கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. பக்கத்தில் பூச்சி நெளிந்துகொண்டிருக்க, என்னுடையது பாசி பிடித்த குச்சி போலக் கிடந்தது.

அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு விஷயம். ஒரே நிறத்தை வைத்து உயிருள்ள உடம்பைக் காட்ட முடியாது. எந்த நிறத்தையும் நனைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. இந்த வழிகாட்டியில் வரும் மற்ற எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த ஞானமும் அல்ல. 1900ஆம் ஆண்டு வாக்கில் டெவன் மாவட்டத்து டிவர்ட்டன் ஊரில் ஆர்.எஸ். ஆஸ்டின் என்பவர் ஒரு டப்பிங் கலந்தார். கிடாயின் விதைப்பையிலிருந்து எடுத்த ஆட்டுமுடிதான் அதற்கு அடிப்படை. அதோடு வேறு நிறத்து முடிகளைச் சேர்த்தார். நனைந்தால் பாலும் ரோஜாவும் கலந்தது போல, வெளிச்சம் ஊடுருவும் ஒரு நிறம் வரும். அந்த டப்பிங்கில் கட்டிய ஃப்ளைக்கு, ஃப்ளை மீன்பிடிப்பு பற்றி எழுதிய ஜி.ஈ.எம். ஸ்க்யூஸ் 'டப்ஸ் இண்டிஸ்பென்ஸபிள்' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் டப் என்றால் கிடாய். ஆஸ்டினுக்குப் பிறகு அவர் மகள் அந்த ஃப்ளையைக் கட்டி விற்றார். அவர் தொழிலை விடும் வரை, அதாவது 1930கள் வரை, கலவை ரகசியமாகவே இருந்தது. ஒரு குடும்பம் அத்தனை வருஷம் காத்தது கட்டும் முறையை அல்ல, எந்த முடியோடு எந்த முடியைச் சேர்ப்பது என்பதைத்தான்.

கலப்பது என்னென்ன?

விலங்கின் தோலில் இரண்டு வகை முடி இருக்கிறது. தோலை ஒட்டி, பஞ்சு போல மெல்லியதாக, சுருண்டு இருப்பது அடிப்பஞ்சு. அதற்கு மேல் நீண்டு, விறைப்பாக, நுனியில் பட்டை நிறத்தோடு நிற்பது மேல்முடி. அடிப்பஞ்சு ஒன்றோடொன்று பின்னி நூலைப் பிடித்துக்கொள்ளும். மேல்முடி பிடிக்காது. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீரில் அசைந்து, கால் போலவும் செவுள் போலவும் தெரியும். கலவை என்றால் முதலில் இந்த இரண்டின் விகிதம். நிறமெல்லாம் அதற்குப் பிறகுதான். மேல்முடி அதிகமானால் டப்பிங் நூலில் நிற்காமல் உதிரும். அடிப்பஞ்சு மட்டும் இருந்தால் உடம்பு வழுவழுவென்று நூல்கண்டு மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவதாகச் சேர்வது மினுமினுப்பு. அதற்கு ஆன்ட்ரான் என்ற இழை புகழ்பெற்றது. கார்ப்பெட்டுக்காகச் செய்யப்பட்ட இழை அது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் மூன்று மடல் தெரியும். அதனால் வெளிச்சத்தை உடைத்துத் திருப்பி அனுப்பும். கேடிஸ் என்ற நீர்ப்பூச்சியின் பியூபா (கூட்டுப்புழு) மேலே ஏறும்போது அதைச் சுற்றித் தெரியும் காற்றுப் பளபளப்பை இந்த இழையால் காட்டலாம் என்று அமெரிக்க எழுத்தாளர் கேரி லாஃபோன்டைன் 1981இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதிய பிறகு அது எல்லார் மேசைக்கும் வந்தது. எவ்வளவு சேர்ப்பது என்பதில் நான் கஞ்சன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் போனால் உடம்பு பூச்சியாக இல்லாமல் ஜிகினாவாகத் தெரிகிறது.

உலர் ஃப்ளை, அதாவது தண்ணீர் மேல் மிதக்க வேண்டிய ஃப்ளைக்குக் கணக்கு வேறு. அங்கே தண்ணீரை உறிஞ்சாத முடி வேண்டும். பீவர், மஸ்க்ராட் போலத் தண்ணீரில் வாழும் விலங்குகளின் அடிப்பஞ்சு நெருக்கமானது, எளிதில் நனையாது. செயற்கையில் பாலிபுரொப்பிலீன் நல்லது. அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு.

பழைய ஆங்கிலக் குறிப்புகளில் சீல் முடி என்று அடிக்கடி வரும். கடல்நாய்க் குட்டியின் முடி அது. கண்ணாடி போலப் பளபளக்கும், மெழுகு போட்டாலும் நூலில் அடங்காது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தோடு அதன் இறக்குமதி நின்றது. இப்போது அதற்குப் பதில் மொஹேர் போடுகிறோம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: மொஹேர் வருவது அங்கோரா ஆட்டிலிருந்து. அங்கோரா என்ற பெயரில் விற்கும் கம்பளியோ அங்கோரா முயலிலிருந்து வருவது. இரண்டும் வேறு வேறு குணம். முன்னது பளபளப்பும் விறைப்பும் கொண்டது. பின்னது புகை போல மென்மையானது.

முடி எங்கே கிடைக்கும், எதைத் தொடக்கூடாது?

இங்கிலாந்தில் காட்டு முயலின் முகத்தோல், காதோடு சேர்த்து, ஃப்ளை கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அந்த ஒரு தோலில் மட்டும் வெளிர்மணல் நிறம் முதல் கறுப்பு வரை பத்து நிறம் இருக்கும். நான் புதிதாகத் தொடங்குபவர்களை அதை ஒன்று வாங்கச் சொல்வதே வழக்கம்.

ஊட்டி, அவலாஞ்சி, கொடைக்கானல் பக்கமிருந்து இதைப் படிப்பவர்கள் கவனிக்க. நம்மூர்க் காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கீரியும் அப்படியே. கீரி முடியில் செய்த ஓவியப் பிரஷைக்கூட வாங்காதீர்கள். பதிலுக்கு முயல் பண்ணைகளில் வளர்க்கும் சோவியத் சின்சில்லா முயலின் தோலைக் கேட்டுப் பாருங்கள். அதன் ஒவ்வொரு முடியும் அடியில் ஈயச் சாம்பல், நடுவில் வெளிர் பட்டை, நுனியில் கறுப்பு. தனியாகக் கலக்காமலேயே பாதிக் கலவை அதில் இருக்கிறது. வெள்ளை முயல் தோல் சாயம் ஏற்ற ஏற்றது. வீட்டில் நாய் இருந்தால், கோடையில் சீப்போடு வரும் அடிப்பஞ்சு அருமையான பொருள். வெள்ளாட்டு முடியும் ஆட்டுக் கம்பளியும் சொல்லவே வேண்டாம். அவலாஞ்சியில் மீன் பண்ணை அமைத்து ரெயின்போ டிரவுட்டை நீலகிரி ஓடைகளில் விட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஓடைக் கற்களின் அடியிலும் மேஃப்ளை நிம்ஃப்கள் இருக்கின்றன. எனவே கீழே சொல்லும் முறை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

தோலிலிருந்து முடியை வெட்டும் முன் சுத்தம் செய்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு, மெதுவாக அலசல், நிழலில் உலர்த்தல். அப்புறம் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். முடியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு ஒன்று உள்ளே வந்தாலும் பெட்டி முழுக்கப் போய்விடும். எனக்கு ஒருமுறை அப்படி நல்ல மஸ்க்ராட் தோல் ஒன்று போனது. பார்க்க முழுசாக இருந்தது. தொட்டதும் முடி எல்லாம் கையோடு வந்தது.

நிறம் சேர்க்கும் கணக்கு

பெயின்ட் கலந்த அனுபவம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். நீல பெயின்ட்டும் மஞ்சள் பெயின்ட்டும் சேர்ந்தால் பச்சை. நீல முடியும் மஞ்சள் முடியும் சேர்ந்தால் பளிச்சென்ற பச்சை வராது. ஒவ்வொரு முடியும் தன் நிறத்தோடுதான் இருக்கும். தள்ளி நின்று பார்க்கும் கண் இரண்டையும் சராசரியாக்கும். வருவது சாம்பல் ஓடிய, அடங்கிய ஒரு நிறம். ஆகவே பச்சை வேண்டுமானால் பச்சையிலேயே தொடங்குங்கள். மற்ற நிறங்களை அதை அசைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

நான் செய்வது இப்படி. பத்துப் பங்கில் ஆறு பங்கு அடிப்படை நிறம். மூன்று பங்கு அதற்குப் பக்கத்து நிறம்: ஆலிவுக்குப் பழுப்போ மஞ்சளோ, சாம்பலுக்கு க்ரீமோ. மீதி ஒரு பங்கு எதிர் நிறம். ஆலிவில் துருச் சிவப்பு அல்லது ஆரஞ்சு. சாம்பலில் ஊதா. அந்த ஒரு பங்கைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். தள்ளி நின்றால் சிவப்பு தெரியவே தெரியாது. ஆனால் பச்சை திடீரென்று விழித்துக்கொள்ளும். பட்டுப் புடவையில் ஊடும் பாவும் வேறு நிறமாக இருந்தால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுமே, அதே காரணம்.

நனைந்தால் ஏன் கறுக்கிறது? உலர்ந்த முடிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. வெளிச்சம் அங்கே சிதறிச் சிதறித் திரும்புவதால் வெளிறித் தெரிகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகும். அதனால் கலக்கும்போதே நீங்கள் தேடும் நிறத்தைவிட ஒரு படி, சில சமயம் இரண்டு படி வெளிறலாக வையுங்கள். மேலே நான் சொன்ன ஆலிவ் பாக்கெட்டில் நடந்த தவறு இதுதான்.

கையால் கலத்தல்

ஒரு பத்து ஃப்ளைக்குத் தேவையான அளவுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. மெஷின் எதுவும் வேண்டாம், தூசி பறக்காது, எங்கே நிறுத்துவது என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. எல்லாரும் முதலில் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தோலைச் சீப்பால் வாரி, ஒரு கொத்தை இரண்டு விரலால் பிடித்து, தோலை ஒட்டி வெட்டுங்கள். கொத்தின் அடிப்பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மேலே நீட்டும் மேல்முடியை மற்றக் கையால் உருவினால் தனியாக வந்துவிடும். இப்போது மேசையில் இரண்டு குவியல். முடியின் நீளத்தையும் இப்போதே சரி செய்யுங்கள். 16, 18ஆம் நம்பர் முள்ளுக்கு (நம்பர் கூடக் கூட முள் சின்னது) 6 முதல் 8 மி.மீ. போதும். 12, 14க்கு 1 செ.மீ.யை ஒட்டி இருக்கலாம். 8, 10ஆம் நம்பர் பெரிய நிம்ஃபுக்கு 2 செ.மீ. வரை போகலாம். நீளமான முடியைச் சின்ன முள்ளில் சுற்றினால் ஒரே முடி மூன்று சுற்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். நுனி எதுவும் வெளியே நீட்டாது.

வெள்ளைத் தாளின் மேல் அடிப்படை நிறத்தை மெல்லிய விரிப்பாகப் பரப்புங்கள். அதன் மேல் அடுத்த நிறம், அதன் மேல் மேல்முடி, கடைசியில் மினுமினுப்பு. மொத்தத்தையும் எடுத்து இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். பிரிந்த பாதியை மற்றப் பாதியின் மேல் வையுங்கள். திரும்ப இழுங்கள். இடியாப்ப மாவைப் பிசைவது போல அழுத்தக் கூடாது. இழுப்பது, அடுக்குவது, அவ்வளவுதான். முதல் ஐந்தாறு தடவை பட்டை பட்டையாகத் தெரியும். பதினைந்து தடவையில் நிறங்கள் புள்ளியாகும். இருபத்தைந்தைத் தாண்டினால் ஒரே நிறமாகத் தெரியத் தொடங்கும். நிறுத்த வேண்டியது அதற்குக் கொஞ்சம் முன்னால். நிம்ஃப் டப்பிங்கில் தனித்தனி நிறம் கிட்டத்தில் தெரிய வேண்டும். முழுக்கக் கலந்துவிட்டால் கடையில் விற்கும் ஒற்றை நிறத்துக்கே திரும்பிப் போய்விடுவோம்.

பிரஷ், கிரைண்டர், தண்ணீர்

ஒன்றிரண்டு கிராம் வேண்டுமானால் நாய் பூனைக்கு வாரும் கம்பிப் பிரஷ் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒன்றில் முடிகளை அடுக்கி, மற்றொன்றால் ஒரே திசையில் வாருங்கள். எல்லாம் இரண்டாவது பிரஷுக்குப் போனதும் திருப்பி வாருங்கள். மொஹேரும் ஆன்ட்ரானும் மாதிரி நீள இழைகளுக்கு இதுதான் சரி, வெட்டுப்படாமல் கலக்கும். ஒரு குறை: எல்லா முடியும் ஒரே திசையில் படுத்துவிடும். கடைசியில் கையால் இரண்டு மூன்று தடவை குறுக்கே அடுக்கினால் சரியாகிவிடும்.

அதற்கு மேல் அளவு வேண்டுமென்றால் காபிக்கொட்டை அரைக்கும் சின்ன பிளேடு கிரைண்டர். நான் முதலில் மிக்ஸியின் சட்னி ஜாரில்தான் போட்டுப் பார்த்தேன். முடி பிளேடின் அடியில் புஷ்ஷுக்குள் சுற்றிக்கொண்டு, ஜார் இறுகிப் போனது. காபி கிரைண்டரிலும் அதே ஆபத்து உண்டு, ஆனால் முடியை 2 செ.மீ.க்குள் வெட்டிப் போட்டால் வராது. கிண்ணத்தில் கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். சுவிட்சை ஒரு நொடி அழுத்தி விடுங்கள். கிரைண்டரைக் கையில் தூக்கிக் குலுக்குங்கள். மறுபடி ஒரு நொடி. ஐந்தாறு தடவை போதும். தொடர்ந்து ஓட்டினால் முடி உருண்டையாகத் திரண்டுவிடும். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். தூசி அடங்க ஒரு நிமிஷம் கொடுங்கள், மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். மிக நுண்ணிய முடித்துகள் அதிலிருந்து கிளம்புகிறது. அந்தக் கிரைண்டரில் மறுபடி காபி அரைக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

செயற்கை இழை அதிகமாக இருந்தால் கிரைண்டரின் மூடியில் மின்னேற்றத்தால் எல்லாம் அப்பிக்கொள்ளும். கையை ஈரமாக்கி ஒருமுறை தட்டிவிட்டுத் தொடருங்கள். மழைநாளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

தண்ணீரில் கலப்பது பழைய முறை, எனக்குப் பிடித்த முறையும்கூட. மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் ஆறிய தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. வெட்டிய முடிகளைப் போட்டு ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். டீ வடிகட்டியில் வடித்து, நல்ல தண்ணீரில் சோப்புப் போக அலசி, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, செய்தித்தாள் மேல் காய விடுங்கள். காய்ந்ததும் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். விரலால் பிரித்துவிட்டால் எழும்பிவிடும். விறைப்பும் மென்மையும் சேர்ந்த கலவை, காதுமுடி போலக் குட்டையானவை, எல்லாம் இதில் சீராகச் சேரும். மேலும், கலவையின் ஈர நிறம் வடிகட்டியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆட்டுக் கம்பளியை மட்டும் இதில் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் குலுக்கினால் கம்பளி இறுகி, பிரிக்க முடியாத கட்டியாகிவிடும்.

ஈரச் சோதனை

பட்டாணி அளவு கலவையை எடுத்து நனையுங்கள். சோப்புச் சொட்டு விட்ட தண்ணீராக இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே காற்று தங்கிப் பொய் நிறம் காட்டும். பிழிந்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். அப்புறம் இடுக்கியால் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மீன் பல நேரம் ஃப்ளையைக் கீழிருந்து, வானத்துக்கு எதிராகப் பார்க்கிறது. ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவி ஒரு விளிம்பு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அடிப்பஞ்சு அதிகம். கொஞ்சம் மொஹேர் சேருங்கள்.

இன்னொன்று, கட்டும் நூலின் நிறம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃப்ளை கட்டிய ஜேம்ஸ் லைசன்ரிங், தண்ணீருக்குள் மூழ்கும் ஈர ஃப்ளைகளுக்கு இதைக் கணக்கில் வைத்தே டப்பிங் திரித்தார். மெல்லிய டப்பிங் நனைந்தால் அடியிலுள்ள நூல் தெரியும். ஒரே முயல் கலவையை மஞ்சள் நூலில், ஆரஞ்சு நூலில், கறுப்பு நூலில் கட்டி மூன்றையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூன்று வேறு பூச்சிகள். எனவே ஈரச் சோதனையின் கடைசிக் கட்டம், எந்த நூலில் கட்டப் போகிறீர்களோ அதில் 5 செ.மீ. திரித்து நனைத்துப் பார்ப்பது.

நான் எப்போதும் வைத்திருக்கும் கலவைகள்

முதலாவது முயல்காது, அதாவது ஹேர்ஸ் இயர். காதில் இருக்கும் முடி குட்டை, விறைப்பு, புள்ளி புள்ளியாக நிறம் மாறும். ஆனால் அதில் அடிப்பஞ்சு கிட்டத்தட்ட இல்லை. தனியாகத் திரித்தால் நூலில் நிற்காது. கன்னத்து அடிப்பஞ்சு ஐந்து பங்கு, காதுமுடி இரண்டு, நெற்றியின் மேல்முடி இரண்டு, ஆன்ட்ரான் முக்கால். இதைத் தண்ணீரில்தான் கலக்கிறேன். 12 முதல் 16 வரை எல்லா முள்ளுக்கும் ஆகும். தங்கக் கம்பி சுற்றிக் கட்டிய பிறகு, ஊசியால் மார்புப் பகுதியை மட்டும் கிளறிவிடுங்கள்.

இரண்டாவது, அந்தக் கரண்டியில் பார்த்த ஆலிவ். வெளிர் ஆலிவ் சாயமேற்றிய முயல் அடிப்பஞ்சு ஐந்து, முயல்முக முடி மூன்று, எலுமிச்சை மஞ்சள் மொஹேர் ஒன்று, துருச் சிவப்பு அரை. உலர்ந்திருக்கும்போது இது மிகவும் வெளிறி, ஏதோ தவறு போலத் தெரியும். நம்பி மஞ்சள் நூலில் கட்டுங்கள்.

மூன்றாவது நன்னீர் இறால். வை போன்ற சுண்ணாம்புக்கல் நதிகளில் இது ஏராளம். சாம்பல் கலந்த ஆலிவ் மொஹேர் ஆறு, வெளிர்சாம்பல் முயல் இரண்டு, ஆன்ட்ரான் ஒன்று, ஆரஞ்சு ஒரு சிட்டிகை. ஆரஞ்சு எதற்கு? இந்த இறால்களுக்குள் வளரும் முள்தலைப் புழு என்ற ஒட்டுண்ணி வெளியே ஓர் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். கூட்டத்தில் அப்படிச் சிலவற்றைப் பார்க்கலாம். சிலர் அந்தப் புள்ளியைத் தனியாக உடம்பின் நடுவில் வைத்துக் கட்டுவார்கள். நான் கலவையிலேயே தூவிவிடுகிறேன். கட்டி முடித்து, கால்களுக்காகக் கீழ்ப்பக்கத்தைக் கம்பிப் பிரஷால் வாரிவிட வேண்டும்.

உலர் ஃப்ளைக்கு ஒன்றே ஒன்று: மஸ்க்ராட் அடிப்பஞ்சு ஏழு, க்ரீம் நிற முயல் இரண்டு, வெளிர் ஆலிவ் பாலிபுரொப்பிலீன் ஒன்று. மேல்முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள். கலவையும் முழுமையாக, இழை தெரியாத அளவுக்குக் கலந்திருக்கட்டும். 18ஆம் நம்பர் முள்ளில் ஒரு திரள் இருந்தாலும் உடம்பு கோணிவிடும்.

திரித்துப் பார்த்தல்

நல்ல கலவை நூலில் சொன்னபடி கேட்கும். நூலில் லேசாக மெழுகு தடவி, தேவை என்று நினைப்பதில் பாதியை மட்டும் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே திசையில் திரியுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் சேர்த்ததும் அவிழும். உதிர்ந்தால் அடிப்பஞ்சு சேருங்கள். கயிறு போல இறுகினால் மேல்முடி. எவ்வளவு சேர்த்தாலும் நிற்காத முரட்டுக் கலவையைக் கைவிட வேண்டாம். நூலை இரட்டையாக மடித்து, நடுவே முடியைச் செருகி, கீழே கனமான முறுக்கியைத் தொங்கவிட்டுச் சுழற்றினால் பாட்டில் கழுவும் பிரஷ் போல நுனி எல்லாம் விறைத்து நிற்கும். இறால் கலவையை நான் எப்போதும் அப்படித்தான் கட்டுகிறேன்.

எழுதி வைத்தல், எடுத்து வைத்தல்

கலக்கும்போதே எழுதுங்கள். மறுநாள் நினைவிருக்காது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் பங்குக் கணக்கே வேண்டாம். இல்லையென்றால் ஒரே ஆள், ஒரே விரல், ஒரே சிட்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் உலர்ந்த கலவை ஒரு துணுக்கு, பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சில் தோய்த்த துணுக்கு இன்னொன்று ஒட்டுங்கள். இரண்டாவது, காய்ந்த பிறகும் ஏறக்குறைய ஈர நிறத்தையே காட்டிக்கொண்டிருக்கும். புதுக் கலவை செய்யும்போது ஒப்பிட அது போதும்.

பைகளை ஜன்னல் ஓரத்தில் தொங்கவிடாதீர்கள், வெயிலில் சாயம் வெளுக்கும். மூடியுள்ள டப்பாவில் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். பையின் மேல் கலவையின் பெயரோடு, நூலின் நிறம், முள் நம்பர், எந்த ஆற்றில் எந்த மாதத்துப் பூச்சி என்பதையும் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் ஆலிவ் பையில் இப்படி இருக்கிறது: வை, ஏப்ரல், மஞ்சள் நூல், 16, கரண்டியில் பார்த்தது.